ஈரப்புல்லும் அடைக்கும் மோவரும்: வாசகர் கேள்விகள்

டர்பன் பக்கம் அக்டோபரில் மழை பிடித்தால், மார்ச் வரைக்கும் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: புல்வெட்டும் மோவர் புல்லால் அடைத்துக்கொள்கிறது. இந்த மாதம் வந்தவற்றில் சில.

புது மோவர். ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா? (ஃபீனிக்ஸ்)

பெட்ரோலா கரண்டா, என்ன புல், எத்தனை மணிக்கு வெட்டினீர்கள்? ஒன்றும் எழுதாமல் நியாயம் கேட்டால் எப்படி? காலை ஏழு மணிக்குப் பனி ஈரத்தோடு கிகூயு புல்லை ஒட்ட வெட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெட்டுங்கள். உயரத்தை இரண்டு படி ஏற்றுங்கள். த்ராட்டிலை முழுதாக வையுங்கள். பிளேடின் பின்விளிம்பு மேலே வளைந்திருக்கிறதே, அது எழுப்பும் காற்றுதான் புல்லைத் தூக்கிப் பைக்குள் தள்ளுகிறது. வேகம் குறைந்தால் காற்று செத்துவிடும், பிளேடை மூடியிருக்கும் டெக் தகட்டிலேயே புல் அப்பிக்கொள்ளும்.

டெக்கின் அடியில் சமையல் எண்ணெய் தடவலாமா? (வெருலம்)

கூடாது. நாலு நாளில் பிசினாகிவிடும். பழைய எஞ்சின் ஆயில் அதைவிட மோசம், சொட்டிய இடத்தில் புல் கருகும். தகட்டைச் சுரண்டி, காயவிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். இரண்டு மூன்று வெட்டுக்கு வரும். சுரண்டுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள்.

தைப்பூசக் காவடிக்குக் கோயில் மைதானத்தை வெட்ட வேண்டும். புல் முழங்கால் உயரம். தினமும் மழை. (டோங்காட்)

தைப்பூசம் எப்போது என்று கமிட்டிக்குப் போன வருஷமே தெரியும். சரி, நடந்தது நடந்தது. மோவரை இப்போது தொடாதீர்கள். முதலில் நைலான் கயிறு சுழலும் பிரஷ் கட்டரால் கணுக்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து, வெட்டியதை அன்றைக்கே வாரிவிடுங்கள். கிடந்தால் அடியில் ஈரம் காயவே காயாது. ஒரு நாள் விட்டு, மோவரை உச்ச உயரத்தில் வைத்து, பிளேடு அகலத்தில் பாதியை மட்டும் வெட்டாத புல்லில் ஓட்டுங்கள். அடுத்த நாள் ஒரு படி இறக்கி, குறுக்கே இன்னொரு முறை. பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கிற இடம், அறுந்து விழுந்த நைலான் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள்.

மோவரின் பின்னால் தொங்கும் ஃப்ளாப் மறைப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டோம். இப்போது அடைப்பதில்லை. ஆனால் வெட்டுகிற ஆள் காலில் கல் படுகிறது என்கிறார். என்ன செய்யலாம்? (சாட்ஸ்வொர்த்)

கம்பியை அவிழ்க்கலாம். இன்றைக்கே.

பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. அரை மீட்டர் பிளேடென்றால் முனை மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் புறப்படும் சரளைக்கல்லுக்கும் உங்கள் ஆளின் முழங்காலுக்கும் நடுவில் இருந்தது அந்த ஃப்ளாப் ஒன்றுதான். அவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும்: ஸ்லாப்ஸ், அந்த ரப்பர் செருப்பு. என் கடைக்கு மோவரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் காலில் அதுதான். ஐயாயிரம் ராண்டுக்கு மோவர் வாங்குகிற வீட்டில், சில நூறு ராண்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க மனசு வருவதில்லை.

கரண்ட் மோவர் வீடுகள் இன்னும் மோசம். எக்ஸ்டென்ஷன் வயரில் டேப் சுற்றிய ஒட்டு, அந்த ஒட்டு ஈரப்புல்லில் கிடக்கும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால் ‘சுவிட்ச் சரியில்லை’ என்று அதைத் தாண்டி வயர் இழுக்கிறார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுவதற்குத்தானே அதை வைத்திருக்கிறது? விழுந்தால் ஓர் உயிர் தப்பியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்கச் சொல்வதும் அதே ஆளிடம்தான். எஞ்சின் நின்றிருந்தாலும் பிளேடைக் கையால் தள்ளும்போது ஓர் உதை உதைக்கலாம். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்று, கரண்ட் என்றால் சுவரிலிருந்து பிடுங்கு, அப்புறம் குச்சியால் எடு. இதை அவருக்கு ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

அடைப்புக்கு மருந்து: பிளேடைத் தீட்டுங்கள். கட்டை பிளேடு புல்லை அறுக்காமல் பிய்க்கும், பிய்த்த புல் சாறு விட்டு ஒட்டும்.

மகன் டொராண்டோவில் இருக்கிறான். பனியை வாரித் தள்ளும் ஸ்னோ ப்ளோயரை ஈரப்பனி அடைக்கிறதாம். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் N3 நெடுஞ்சாலை பனியில் மூடிக்கிடந்தபோது பார்த்ததோடு சரி, நமக்குப் பனி வியாபாரமில்லை. ஆனால் கணக்கு இதே கணக்குதான். கராஜின் சூட்டிலிருந்து எடுத்த கையோடு ஓட்டினால் பனி உருகி, பிறகு தகட்டில் உறையும். கொஞ்ச நேரம் வெளியே ஆறவிடச் சொல்லுங்கள். சுழல்திருகிலும் பனி வெளியேறும் குழாயிலும் சிலிக்கான் ஸ்ப்ரே. த்ராட்டில் முழுதாக, குறுகலான பட்டைகளாக. கொட்டி முடியும்வரை காத்திருக்காமல் இடையிலேயே ஒருமுறை தள்ளுவது நல்லது. குழாயில் கை மட்டும் வேண்டாம். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டில் இழுவை மிச்சமிருந்தால் உள்ளே ஒரு சுற்று சுற்றிவிடும். விரல் போகும்.

கிகூயுவை எடுத்துவிட்டு எல்.எம். புல் போட்டால் தொல்லை குறையுமா? (அம்ஸின்டோ)

குறையும். தாழ்வாக வளரும், நிழலும் தாங்கும். கிகூயு வேரை முழுதாக எடுப்பது உங்கள் பாடு.

டெக்கைச் சுத்தம் செய்ய மோவரை எந்தப் பக்கம் சாய்ப்பது? (ஸ்டாங்கர்)

கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேலே வரும்படி. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு.