நட்சத்திரம் போட்டும் லாகினில் கோர்ஸ் எர்ரர் ஏன்?

கேள்வி: எங்கள் ஏபிஐ என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரில் ஓடுகிறது; ரியாக்ட் ஆப் லோக்கல்ஹோஸ்ட் 3000-இல். ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரில் நட்சத்திரம் (*, எல்லாத் தளத்துக்கும் அனுமதி) போட்டதும் பொருள் பட்டியல் வந்துவிட்டது. லாகின் மட்டும் கோர்ஸ் எர்ரர் தருகிறது. போஸ்ட்மேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: போஸ்ட்மேனை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோர்ஸ் (CORS) என்பது, ஓர் ஆரிஜினிலிருந்து (தளத்தின் முகவரி) வந்த பக்கம் வேறோர் ஆரிஜினின் பதிலைப் படிக்கலாமா என்பதற்கான விதி. இந்தத் தடையைப் போடுவது பிரவுசர்தான். போஸ்ட்மேனுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது.

பட்டியல் வெறும் கெட் கோரிக்கை. லாகினோ ஜேசன் அனுப்புகிறது. அப்படியானால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பி அனுமதி கேட்கும். இதுதான் பிரீஃப்ளைட். நெட்வொர்க் டேபில் அந்த வரியைப் பாருங்கள். 401, 404, 405 என்று பிழை எண் இருந்தால் கோளாறு அங்கேதான். பிரீஃப்ளைட்டில் குக்கியோ டோக்கனோ வராது. அதனால் டோக்கன் சரிபார்ப்பு அதை மறித்தால் 401தான் கிடைக்கும்.

என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கின் லொகேஷன் பிளாக்குக்குள் ஓர் இஃப் எழுதி, ஆப்ஷன்ஸ் வந்தால் 204 (வெற்றி, உள்ளடக்கம் இல்லை) திருப்புங்கள். அலவ்-ஆரிஜின், அலவ்-மெத்தட்ஸ், அலவ்-ஹெடர்ஸ் மூன்றையும் அந்த இஃபுக்குள்ளும் எழுத வேண்டும். அலவ்-ஹெடர்ஸில் கன்டென்ட்-டைப் இருக்கட்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: உள் பிளாக்கில் ஒரே ஒரு ஆட்_ஹெடர் (ஹெடர் சேர்க்கும் கட்டளை) இருந்தாலும், வெளியே எழுதியவை இயல்பாக உள்ளே இறங்காது.

ஒவ்வொரு ஆட்_ஹெடர் வரியின் முடிவிலும் 'ஆல்வேஸ்' சேருங்கள். இது இல்லாவிட்டால் 200, 204, 304 போன்ற சில பதில்களில்தான் ஹெடர் வரும். 401, 500-இல் வராது. கடவுச்சொல் தவறு என்று சர்வர் சொன்னால்கூட உங்களுக்குக் கோர்ஸ் எர்ரராகத் தெரியும். உண்மையான பிழை பின்னால் ஒளிந்திருக்க, ராத்திரி முழுக்க கான்ஃபிக்கை நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

லாகின் குக்கியை நம்பியிருந்தால் நட்சத்திரம் செல்லாது. எச்டிடிபி, ஹோஸ்ட், போர்ட் மூன்றும் சேர்த்து ஆரிஜினை முழுதாக எழுதுங்கள், கடைசியில் சாய்கோடு வேண்டாம். கூடவே, குக்கியை அனுமதிக்கும் அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ஹெடரை ட்ரூ என்று வையுங்கள். பல ஆரிஜின்கள் என்றால் என்ஜின்எக்ஸின் மேப் கட்டளையை வைத்து, பட்டியலில் உள்ளதை மட்டும் திருப்பி அனுப்புங்கள். வேரி ஹெடரில் (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது) ஆரிஜினையும் சேருங்கள். வருகிற ஆரிஜினை அப்படியே திருப்பும் நிரல் இணையத்தில் நிறைய கிடைக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கிரெடென்ஷியல்ஸும் சேர்ந்தால், எந்தத் தளமும் உங்கள் பயனரின் தரவைப் படிக்க வழி திறந்துவிடும்.

அப்புறம், என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் ஓடும் எக்ஸ்பிரஸ் (நோட் சர்வர்) ஆப்பிலும் கோர்ஸ் பேக்கேஜ் இருந்தால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். அலவ்-ஆரிஜின் இரண்டு முறை வந்தால் பிரவுசர் ஏற்காது. பிரீஃப்ளைட் அனுமதியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஏஜ் ஹெடரை, எல்லாம் சரியான பிறகு போடலாம். இப்போதே போட்டால் பிரவுசர் பழைய அனுமதியையே பிடித்துக்கொண்டு உங்களைக் குழப்பும்.