இசைக்கும் படத்துக்கும் ஒரே ஸ்பீக்கர்: ஏவி ரிசீவர் போதுமா, தனி பிரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். பன்னிரண்டுக்குப் பதினாறு அடி ஹால். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் ஜோடி வாங்கியாகிவிட்டது. உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து சுமார் மூன்று மீட்டர். முக்கால்வாசி நேரம் பாட்டு, வார இறுதியில் படம், பிற்பாடு 5.1 (ஐந்து ஸ்பீக்கரும், பாஸுக்கென்றே ஒரு சப்வூஃபரும்) ஆக்கும் எண்ணம். கடையில், வால்யூமை ஆளும் பிரீஆம்ப் தனியாக, ஸ்பீக்கரை இயக்கும் 200 வாட் பவர் ஆம்ப் தனியாக என்று சொல்கிறார்கள். நண்பர், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்த ஏவி ரிசீவரே போதும் என்கிறார்.

நான் நண்பர் பக்கம். ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த ரிசீவரின் பின்பக்கம், முன் இடது வலது சேனல்களுக்காவது பிரீ-அவுட், அதாவது வெளியே ஒரு பவர் ஆம்ப்புக்கு சிக்னல் எடுக்கும் துளை, இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். ஏன் இது முக்கியம் என்று பிறகு வருகிறேன்.

முதலில் வாட் கணக்கு. உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். 2.83 வோல்ட் கொடுத்தால், அதாவது 8 ஓம் மின்தடையில் 1 வாட், ஒரு மீட்டரில் 85 டெசிபல் சத்தம் வரும். திறந்த வெளியில் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒன்பதரை டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் ஆறேழு டெசிபல் மட்டுமே குறைவதாகக் கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும்போது மூன்று டெசிபல் கூடும். ஆகமொத்தம், ஆளுக்கு 1 வாட் கொடுத்தாலே உங்கள் சோபாவில் 81 டெசிபல் அளவில் கேட்கும். வீட்டில் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டிய சத்தம் அது.

ஆனால் இசை ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நன்றாகப் பதிவான கச்சேரியில், தவில் அடியோ மிருதங்கத்தின் தொப்பியோ விழும் கணத்தில், சராசரியைவிடப் பதினைந்து இருபது டெசிபல் மேலே போகும். அந்தக் கணத்துக்குத்தான் வாட் வேண்டும். பத்து டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட். மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு. உங்கள் இருக்கையில் 95 டெசிபல் உச்சம் வர 25 வாட் ஆகும். 101 டெசிபல் வர 100 வாட். அதற்கு மேல் அந்தச் சின்ன ஸ்பீக்கரே தாங்காது. அதன் டிரைவர், அதாவது அதிரும் கூம்பு, ஐந்தேகால் அங்குலம்தான். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஆம்ப் 40 முதல் 100 வாட் வரைதான்.

கடைக்காரர் சொல்லும் 200 வாட்டுக்கும் நல்ல 100 வாட்டுக்கும் இடையில் இருப்பது மூன்றே டெசிபல். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடுதல்’, அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சப்வூஃபர் வந்துவிடும்.

வாட்டைவிடக் கவனிக்க வேண்டியது ஓம். எல்எஸ்50 மெட்டாவின் பெட்டியில் 8 ஓம் என்று இருக்கும், ஆனால் சில அலைவரிசைகளில் 3.5 ஓம் வரை இறங்கும். 8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட். அதே 28 வோல்ட் 3.5 ஓமைச் சந்திக்கும்போது ஆம்ப் 8 ஆம்பியர் கொடுக்க வேண்டும். அதனால் 4 ஓமில் எவ்வளவு என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் ஆம்ப்பைத் தேடுங்கள். 8 ஓமில் 80, 4 ஓமில் 130 என்று போட்டிருப்பவர், 8 ஓமில் 110 என்று மட்டும் போட்டு 4 ஓமைப் பற்றி மௌனம் காப்பவரைவிட நம்பத் தகுந்தவர்.

அட்டைப்பெட்டி எண்களைப் படிக்கவும் பழக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எஸ்டிகே என்ற ஆம்ப் ஐசி போட்டு அசெம்பிள் செய்த ஆம்ப்பில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘பிஎம்பிஓ’ (ஒரு கணத்து உச்ச வாட்) என்ற எழுத்துகள் நினைவிருக்கும். கைக்கு அடக்கமான டேப் ரெக்கார்டர்மேல் ஆயிரக்கணக்கான வாட் ஒட்டியிருக்கும். இன்று அந்த எழுத்துகள் குறைந்துவிட்டன, பழக்கம் குறையவில்லை. ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல்’ என்று பொடி எழுத்தில் இருந்தால், மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை மறந்துவிடுங்கள். ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல், 0.08 சதவீதம்’ போன்ற வரிதான் கணக்கில் சேரும். அமெரிக்காவில் இதற்கென்றே 1974-இல் ஒரு விதி வந்தது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓமில், முழு அலைவரிசையிலும், 1 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷனில் அளக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். இரண்டு சேனலுக்கு எழுதிய வாட்டை ஏழு சேனலும் ஒன்றாக ஓடும்போது எந்த ரிசீவரும் தராது, உள்ளே டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான். படத்தில் ஏழும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் கத்துவது அபூர்வம் என்பதால் அது பெரிய குறையும் இல்லை.

இனி பிரீஆம்ப். இதில்தான் நம் ஊரில் பணம் அதிகம் வீணாகிறது. ஒரு சிடி பிளேயரோ, டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் டிஏசியோ 2 வோல்ட் வெளியே தரும். சாதாரண பவர் ஆம்ப்பின் கெயின் (பெருக்கும் அளவு) 29 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 28 மடங்கு. 1 வோல்ட் உள்ளே போனாலே 28 வோல்ட் வெளியே வரும், அதாவது 8 ஓமில் 100 வாட். உங்களிடம் இருப்பது 2 வோல்ட். பெருக்க வேண்டிய தேவையே இல்லை, குறைக்கத்தான் வேண்டும். ஆகவே இன்றைய பிரீஆம்ப் என்பது வால்யூம் திருகும், எந்தக் கருவியைக் கேட்பது என்று மாற்றும் சுவிட்சும், கேபிளைத் தள்ளும் வலுவுள்ள ஒரு பஃபரும்தான். இவை மூன்றும் ரிசீவருக்குள்ளேயே இருக்கின்றன. வால்யூம் உள்ள டிஏசியிலும் இருக்கின்றன.

நிஜமாகவே முன்கூட்டிப் பெருக்கல் வேண்டிய ஒரே இடம் எல்பி ரெக்கார்ட். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் மூவிங் மேக்னட் வகை தருவது 5 மில்லிவோல்ட் அளவு, மூவிங் காயில் அதைவிடப் பத்து மடங்கு குறைவு. அதற்கு ஃபோனோ பிரீஆம்ப் கட்டாயம். பதிவின்போது குறைத்த பாஸைத் திரும்ப ஏற்றும் ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷனும் அதற்குள்தான் இருக்கிறது. ரெக்கார்ட் பிளேயர் இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

‘அப்படியானால் ஆம்ப்புக்கு ஆம்ப் ஒலி வேறுபடாதா?’ என்று கேட்பீர்கள். மோசமான ஆம்ப் வேறுபடும். அளவுக்கு மீறித் திருகினால் எதுவும் வேறுபடும். வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) அதிகம், அதனால் ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கும் இடமெல்லாம் ஒலியின் சமநிலையும் ஏறி இறங்கும். அது உண்மையான வேறுபாடு, பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்புகள், அளவோடு ஓடும்போது, மிக மிக நெருக்கமானவை. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்ப் ஒன்றின் குணத்தைத் தன் விலை குறைந்த ஆம்ப்பில் கொண்டுவருவதாகச் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய இல்லை என்னும் வரை திருத்தினார். கடைசியில் அந்தப் பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் காதால் பிரிக்க முடியவில்லை.

கடையில் இரண்டு ஆம்ப்பை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது, ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால் போதும், அதுதான் ‘விரிவாக, தெளிவாக’ இருப்பதாகக் காது முடிவு செய்துவிடும். ஒரு மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்து, சில நூறு ஹெர்ட்ஸில் ஒரு டெஸ்ட் டோன் ஓடவிட்டு, இரண்டிலும் வோல்ட்டைச் சரிசமமாக்கச் சொல்லுங்கள். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் நியாயமான போட்டி. பெரும்பாலான கடைகளில் யோசிப்பார்கள். நீங்கள் கேட்பதில் தவறில்லை.

ஆம்ப்புகளுக்கு இடையில் இவ்வளவு நெருக்கம் என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? உங்கள் ஹாலில். பதினாறு அடி நீளத்தில் 35 ஹெர்ட்ஸ் அருகே, சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒரு நின்ற அலை உருவாகும், பன்னிரண்டு அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸ் அருகே இன்னொன்று. அந்த இடங்களில் பாஸ் பத்து டெசிபல்வரைகூட வீங்கும், நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் பள்ளமாகவும் ஆகும். மேலைநாட்டு மரச்சட்ட வீடுகளில் கொஞ்சம் பாஸ் சுவர் வழியே கசிந்து போய்விடும். நம்முடைய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் அதை விடுவதில்லை. எந்த விலை பிரீஆம்ப்பும் இதைத் தொடாது. ரிசீவரில் வரும் ஆடிஸி எக்ஸ்டி32, டிராக் லைவ் போன்ற ரூம் கரெக்ஷன், மைக் வைத்து அளந்து, அந்த வீக்கத்தை வெட்டும். பள்ளத்தை நிரப்ப அதனாலும் முடியாது, அதற்கு சப்வூஃபரை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தடித்த கம்பளமும் திரைச்சீலையும் மேல்ஸ்தாயி எதிரொலிக்கு நல்லவை.

இதனால்தான், பாட்டுக்கும் முதலில் ரிசீவரையே முழுமையாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்கிறேன். ரிசீவரின் பிரீ-அவுட்டை ஒரு ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப்பில் (பிரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் சேர்ந்த இரண்டு சேனல் பெட்டி) கொடுத்து, பாட்டுக்கு இன்டகிரேட்டட் மட்டும், படத்துக்கு இரண்டும் என்று வைத்துக்கொள்வது பலரும் சொல்லும் வழி. ஆம்ப்பில் ஹோம் தியேட்டர் பைபாஸ் இருந்தால் அது சரியாக வேலை செய்யும். யமஹா இதை ‘மெயின் இன்’ என்கிறது, ஆர்காம் ‘பிராசஸர் மோட்’ என்கிறது. பைபாஸில் இன்டகிரேட்டட்டின் வால்யூம் விலகிக்கொள்ளும், ரிசீவரின் வால்யூமே எல்லாவற்றையும் ஆளும். எச்சரிக்கை: அந்த இன்புட்டில் வால்யூம் இல்லாத டிஏசியை மறந்தும் செருகாதீர்கள், முழுச் சத்தமும் ஸ்பீக்கரில் இறங்கும். பைபாஸ் இல்லாத ஆம்ப்பென்றால் ஒவ்வொரு முறையும் திருகைக் குறித்து வைத்த இடத்தில் நிறுத்த வேண்டும், வீட்டில் மற்றவர்கள் தொடும்போது அந்த ஏற்பாடு நிலைக்காது.

ஆனால் பாட்டுக்கு இன்டகிரேட்டட் மட்டும் என்ற அந்த நேரடி வழியில் உங்களுக்கு விட்டுப்போவது என்ன என்று பாருங்கள்: ரூம் கரெக்ஷன், 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர், பெரும்பாலும் சப்வூஃபரும். தரைநிற்கும் பெரிய ஸ்பீக்கருக்கு அது பொருந்தலாம். ஐந்தேகால் அங்குல எல்எஸ்50-க்கு அது நஷ்டம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால், அந்தச் சின்ன டிரைவர் பாஸுக்காக முன்னும் பின்னும் குதிக்க வேண்டியதில்லை, குரலும் வீணையும் தெளியும், ஆம்ப்பின் சுமையும் பாதியாகக் குறையக் கூடும். என் வீட்டில் பாட்டும் ரிசீவர் வழியாகத்தான் ஓடுகிறது, சப்வூஃபரோடு.

பிரீ-அவுட் இருக்க வேண்டும் என்றது நாளைக்காக. 5.1 ஆன பிறகு, சத்தமான காட்சியில் முன் ஸ்பீக்கர்கள் திணறுவதாகத் தோன்றினாலோ ரிசீவர் சூடேறினாலோ, அப்போது இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்றை அந்த பிரீ-அவுட்டில் சேர்த்துக்கொள்ளலாம். 28, 29 டெசிபல் கெயின் உள்ளதாக எடுங்கள். கெயின் குறைவானால் ரிசீவர் அதிக வோல்ட் தள்ள வேண்டும், பல ரிசீவர்களின் பிரீ-அவுட் ஒன்றரை வோல்ட் தாண்டினால் சிதையத் தொடங்கும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் போன்றவற்றில் உள் ஆம்ப்பைத் துண்டித்து பிரீஆம்ப்பாக மட்டும் ஓடவிடும் அமைப்பு உண்டு, பிரீ-அவுட் இன்னும் சுத்தமாக வரும். பவர் ஆம்ப் சேர்த்ததும் மைக் வைத்து மறுபடியும் அளக்க வேண்டும்.

நம் வெயிலுக்கு, சூடு குறைந்த கிளாஸ் டி வகை பவர் ஆம்ப்தான் என் தேர்வு. அந்த வகையைச் சேர்ந்த ஹைபெக்ஸ் என்கோர், பியூரிஃபை ஐகன்டாக்ட் இரண்டும் புரூனோ புட்சேஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்புகள். மே மாதத்து மதியத்திலும் வெறும் வெதுவெதுப்போடு நிற்கும். ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷெல்ஃபுக்குள் அடைக்காதீர்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

கேபிளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்பு ஒயர் போதும். ஐந்து மீட்டருக்குப் போய்வர 0.07 ஓம்தான்.

எல்லாம் சேர்த்த பிறகு ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால், ஆம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் டிவி அல்லது டிடிஎச் பெட்டிக்கு வரும் கோஆக்சியல் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். மொட்டைமாடியில் அது வேறிடத்தில் எர்த் ஆகியிருக்கும், இரண்டு எர்த்துக்கும் இடையில் ஓடும் மின்சாரம்தான் அந்த இரைச்சல். கழற்றியதும் நின்றால் அந்த ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

5.1 எண்ணத்தை நீங்கள் கைவிட்டால் மட்டும் என் பதில் மாறும். இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டில் தனி சென்டர் ஸ்பீக்கர் இல்லாமலேயே வசனம் நடுவில் நிற்கும். அப்போது, டிவியின் ஒலியை வாங்கும் எச்டிஎம்ஐ ஆர்க்கும் சப்வூஃபர் அவுட்டும் உள்ள ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றே போதும். மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ் 75 வாட், வீம் ஆம்ப் 60 வாட், மேலே போட்ட கணக்குப்படி உங்கள் ஹாலுக்கு இரண்டுமே போதுமானவை. கிராஸ்ஓவரை ஆம்ப்பிலேயே அமைக்க முடிகிறதா என்று மட்டும் கடையில் மெனுவைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.