ஸ்டீல் கட்டடத்துக்குத் தீக்காப்பு: பெயிண்டா, போர்டா, ஸ்ப்ரேயா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூர் துவாஸில் மூன்று மாடி ஸ்டீல் கட்டடம், கீழே கிடங்கு, மேலே இரண்டு மாடி அலுவலகம். தீக்காப்புக்கு வீங்கும் பெயிண்ட் அடிப்பதா, போர்டு கட்டுவதா, ஸ்ப்ரே அடிப்பதா, சதுர மீட்டருக்கு எது மலிவு?

சதுர மீட்டர் கணக்கைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். பதினாலு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு வருஷம் ஸ்ப்ரே குழாயைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் நின்றவன், இப்போது மேற்பார்வை. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாம் முடித்துவிட்டுப் போன பிறகு அந்த பீமை யார் தொடப்போகிறார்கள்? ஏசி ஆளா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரா, மழையா, உள் அலங்காரம் செய்ய வரும் ரெனவேஷன்காரரா? அதற்குப் பதில் தெரிந்தால் பொருள் பாதி முடிவான மாதிரி.

எஃகு எரியாது, அதற்கு எதற்குக் காப்பு என்று சில முதலாளிகள் இன்னும் கேட்கிறார்கள். எரியாது, உருகவும் 1500 டிகிரி பக்கம் வேண்டும். ஆனால் 550 டிகிரியிலேயே அதன் பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். சோதனை உலையின் தரப்படுத்திய நெருப்பு 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945. வெறும் ஸ்டீல் அதில் 15, 20 நிமிடம் தாங்கினாலே பெரிது. 1990இல் லண்டன் பிராட்கேட்டில், கட்டிக்கொண்டிருந்த 14 மாடிக் கட்டடம் காப்பு முழுசாக இல்லாத ஸ்டீலோடு மணிக்கணக்கில் எரிந்தும் இடியவில்லையே என்று யாராவது கீழே எழுதுவார்கள். உண்மைதான், அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தின் கார்டிங்டன் சோதனைக்கூடத்தில் முழு அளவுக் கட்டடத்தையே கொளுத்திப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு எந்த பீமுக்குக் காப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமை தீப்பொறியாளருக்குத்தான் உண்டு, செலவைக் குறைக்கப் பார்க்கும் நமக்கு இல்லை.

சரி, விலைக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே பெயிண்ட், ஒரே ஒரு மணி நேரக் காப்பு, ஆனால் ஒவ்வொரு பீமுக்கும் தடிமன் வேறு. நெருப்பு படும் சுற்றளவை வெட்டுமுகப் பரப்பால் வகுத்தால் ஓர் எண் வரும், சைட்டில் ஹெச்பி பை ஏ என்போம். எண் பெரிதாக இருந்தால் ஸ்டீல் மெல்லிசு, சீக்கிரம் சூடாகும், காப்பு தடிமனாக வேண்டும். மீட்டருக்கு 46 கிலோ உள்ள 203க்கு 203 மில்லிமீட்டர் தூண், நாலு பக்கமும் நெருப்பு பட்டால் இந்த எண் 200க்கு மேல். அதே அளவில் 71 கிலோ தூண் போட்டால் 137 பக்கம் இறங்கிவிடும். சில வேலைகளில் மீட்டருக்கு 25 கிலோ ஸ்டீலைக் கூட்டி வாங்குவது பெயிண்ட் செலவைவிடக் குறைவாக வந்ததைப் பார்த்திருக்கிறேன், முக்கியமாக இரண்டு மணி நேரக் காப்பு கேட்டால். ஆகவே ஸ்டீல் ஆர்டர் போவதற்கு முன் பொறியாளரையும் பெயிண்ட்காரரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஆர்டர் போன பிறகு உட்கார்ந்தால் கோப்பி குடிக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்ப்ரே என்றால் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளும் ஜிப்சமோ சிமெண்டோ கலந்த சாந்து. மூன்றில் மலிவு, வேகம், பீமும் தூணும் சேரும் கோணல் மூலையெல்லாம் தானாக மூடிக்கொள்ளும். பார்க்கச் சகிக்காது, தூசி பறக்கும், ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யார் பார்க்கப் போகிறார்கள்? எதிரி அழகில்லை, நமக்குப் பின்னால் வரும் ஆள். ஒரு தொழிற்கூடத்தில் மூன்று வாரம் ராத்திரி பகலாக அடித்து முடித்தோம். அடுத்த வாரம் போனால் ஏசி குழாய் மாட்டுகிறவர்கள் கிளாம்ப் பிடிக்க வேண்டி பீம் அடிப்பட்டையில் சாந்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், வரிசையாக, எலி கடித்த ரொட்டி மாதிரி. "அண்ணே, இது சும்மா பூச்சுன்னு நெனச்சோம்" என்றார் ஒரு தம்பி. அவரைத் திட்டி என்ன செய்வது, யாரும் அவரிடம் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஒட்டுப்போட்டோம், கூலி எங்கள் தலையில். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: கிளாம்ப், பிராக்கெட் எல்லாம் முதலில் வெல்ட் ஆகட்டும், அப்புறம் ஸ்ப்ரே. அந்த பிராக்கெட்டுக்கும் பீமிலிருந்து 500 மில்லிமீட்டர் வரைக்கும் காப்பு இழுத்து அடிப்பது வழக்கம், இல்லாவிட்டால் அதுவே சூட்டை உள்ளே கடத்தும். ஒட்டாத காப்பு காப்பே இல்லை. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை ஆராய்ந்த அமெரிக்க அரசு நிறுவனமும், விமானம் மோதியதில் காப்பு உதிர்ந்து போனதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

பெயிண்ட் விஷயம் வேறு. 200 டிகிரி தாண்டியதும் பொங்கி, தடிமனில் 50 மடங்கு வரை வீங்கிக் கரி நுரையாக ஸ்டீலைப் போர்த்திக்கொள்ளும். அழகு, ஸ்டீலின் வடிவம் தெரியும், கட்டடக் கலைஞர்களுக்கு உயிர். ஆனால் வீங்க இடம் வேண்டாமா? ஒரு மில்லிமீட்டர் பூச்சு 50 மில்லிமீட்டர் ஆகப் பார்க்கும், அதை ஒட்டினாற்போல ஜிப்சம் தடுப்புச் சுவரையோ அலுமினியத் தகட்டையோ நெருக்கி அடித்துவிட்டால் அது எங்கே போகும்? இதை யோசிக்காத வரைபடங்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அப்புறம் நம்ம ஊர் ஈரம். வீங்க வைக்கும் உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. நீர் அடிப்படைப் பெயிண்ட் அடித்த ஸ்டீலை மேல்பூச்சு இல்லாமல் யார்டில் போட்டு வைத்தோம் ஒரு தடவை, டிசம்பர் மழை. காலையில் பார்த்தால் பால் பாலாக வழிந்திருக்கிறது. சுரண்டி மறுபடி முதலிலிருந்து. காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஸ்டீலின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 டிகிரியாவது அதிகமாக இல்லாவிட்டாலோ அடிக்கக் கூடாது. இங்கே மழை பெய்த காலை என்றால் பாதி நாள் சும்மா உட்கார வேண்டும், அந்தக் கூலியையும் சதுர மீட்டர் விலையில் சேர்த்துப் பாருங்கள். கீழே உள்ள பிரைமர் பொருந்த வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தடிமனை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். உள்ளீடற்ற பெட்டித் தூணுக்கு ஐ பீமின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள், மூலையில் நுரை பிளக்கும், அதற்கென்று தனிச் சோதனை முடிவு வேண்டும். முடித்ததும் இது தீக்காப்புப் பூச்சு, மேலே வேறு பெயிண்ட் அடிக்காதே என்று அறிவிப்புப் பலகை மாட்டுங்கள். ஐந்து வருஷம் கழித்து எவராவது எனாமல் டப்பாவோடு வருவார், நிச்சயம் வருவார்.

போர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால்சியம் சிலிக்கேட் போர்டு என்றால் ஈரமான வேலை இல்லை, தடிமன் தொழிற்சாலையிலேயே நிச்சயம், தூணைப் பெட்டியாக மூடினால் நேராக நிற்கும். மூலைமூலையாக இருக்கும் ஜாயிண்ட்டில் மட்டும் வெட்டி வெட்டி ஆள் நொந்துவிடுவார். ஒரே ஓர் எச்சரிக்கை: மலிவான மக்னீசியம் ஆக்சைடு போர்டு என்று யாராவது நீட்டினால் யோசியுங்கள். டென்மார்க்கில் அந்த வகைப் போர்டு ஈரத்தை உறிஞ்சி உப்புத் தண்ணீராக வியர்த்து, திருகாணிகளைத் துருப்பிடிக்க வைத்து பெரிய தலைவலி ஆனது. அங்கேயே அப்படி என்றால் துவாஸ் கடல் காற்றில் என்ன ஆகும்?

எதை எடுத்தாலும் குடிமைத் தற்காப்புப் படையின் பொருள் பட்டியல் திட்டத்தில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, வாங்கிப் படியுங்கள்: எந்தத் தடிமன், எத்தனை நிமிடம், எந்த வடிவ ஸ்டீல். 2017இல் தோ குவான் ரோடு தீயில் ஓர் உயிர் போனது. அங்கே பிரச்சினை ஸ்டீல் காப்பு இல்லை, வெளிச்சுவர்ப் பலகை தேவையான தரத்தில் இல்லாதது. ஆனாலும் சான்றிதழில் எழுதியிருப்பதும் லாரியில் வந்து இறங்குவதும் ஒன்றுதானா என்று மூட்டையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்கள் கட்டடத்துக்கு நானாக இருந்தால் ஒரே பொருளைப் பிடித்துத் தொங்க மாட்டேன். எத்தனை மணி நேரக் காப்பு என்பதை உங்கள் கியூபி, அதாவது கட்டட வரைபடத்துக்குப் பொறுப்பேற்கும் தகுதிபெற்ற நிபுணர், சொல்லட்டும். கிடங்கில் தூண்களுக்கு ஆள் உயரம் தாண்டும் வரை கான்கிரீட் உறை, ஏனென்றால் ஃபோர்க்லிஃப்ட் முட்டினால் ஸ்ப்ரேயும் போர்டும் ஒரு மாதம் தாங்காது. அதற்கு மேலேயும் கிடங்குக் கூரை பீமுக்கும் ஸ்ப்ரே. அலுவலகத்தில் சீலிங்குக்கு மேலே ஸ்ப்ரே, தடுப்புச் சுவர் ஒட்டி வரும் தூண்களுக்குப் போர்டு, வரவேற்பறையில் கண்ணுக்குத் தெரியும் நாலைந்து தூணுக்கு மட்டும் பெயிண்ட். மூன்று பொருள் என்றால் மூன்று காண்டிராக்டர், மூன்று தலைவலி என்பார்கள், சந்திக்கும் இடத்தில் யார் மூடுவது என்று சண்டையும் வரும். அதனால் ஒரே காண்டிராக்டரிடம் மூன்றையும் கொடுங்கள், கான்கிரீட் உறை முடியும் இடத்தில் ஸ்ப்ரே எவ்வளவு மேல்விழ வேண்டும் என்பதை வரைபடத்திலேயே போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.