வியாழனுக்குப் பக்கத்தில் இருப்பது யார்?

கேள்வி: ராத்திரி வியாழன் கோளுக்குக் கொஞ்சம் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம். சுற்றிலும் பொடிப்பொடியாகச் சில. இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் என்கிறார்களே, அந்தச் சிரியஸா?

பதில்: சிரியஸாக இருக்க வழியே இல்லை. கோள்கள் சூரியன் போகும் பாதையை ஒட்டித்தான் நகரும். சிரியஸ் அந்தப் பாதையிலிருந்து 39 டிகிரி தெற்கே இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் 10 டிகிரி. அதில் நாலு முஷ்டி தூரம்.

பாதையை ஒட்டிய நல்ல பிரகாசமான நட்சத்திரங்கள் நாலுதான்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. பஞ்சாங்கத்தில் பார்க்கும் அதே பெயர்கள்தான். மகமும் சித்திரையும் நீலம் கலந்த வெள்ளை. ஆரஞ்சு என்றால் ரோகிணி அல்லது கேட்டை. பொடி நட்சத்திரங்கள் கவிழ்த்த கூரை போல இரண்டு கோடாகச் சேர்ந்து, கொஞ்சம் தள்ளி கார்த்திகைக் கூட்டமும் தெரிந்தால் ரோகிணியேதான். (அந்தப் பொடிகளோடு ரோகிணிக்கு உறவு கிடையாது. அவை சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில். ரோகிணி 65-இல், நடுவில் வந்து நிற்கிறது.)

கேள்வி: கோள் மினுங்காது என்றார்கள். நான் பார்த்தபோது இரண்டுமே மினுங்கினவே?

பதில்: அடிவானத்துக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே தடித்த காற்றைத் தாண்டி வருவதால் கோளும் மினுங்கும். ஒரு மணி நேரம் விட்டு, மேலே ஏறியபின் பாருங்கள்.

கேள்வி: செவ்வாயையும் கேட்டையையும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் சிவப்பு.

பதில்: இந்தக் குழப்பம் பழசு. கேட்டைக்கு மேற்கில் வழங்கும் அண்டாரஸ் என்ற பெயருக்கே ‘செவ்வாயின் போட்டியாளர்’ என்றுதான் பொருள். ஒரே நாளில் தீர்க்க நினைக்காதீர்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால், இடம் மாறியது செவ்வாய். கைபேசியில் வான வரைபடச் செயலி காட்டுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கேள்வி: வியாழனும் ரோகிணியும் நிஜமாகவே பக்கத்தில்தான் இருக்கின்றனவா?

பதில்: இல்லை. வியாழனின் ஒளி நமக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரோகிணியின் ஒளிக்கு 65 வருஷம்.

கேள்வி: அப்போ ஒரு கோள் நட்சத்திரத்தை மறைக்கவே மறைக்காதா?

பதில்: ஏன் மறைக்காது? பிரகாசமான நட்சத்திரம் என்றால் அபூர்வம், அவ்வளவுதான். 1959 ஜூலை 7 அன்று வெள்ளிக் கோள் மகத்தை மறைத்தது. அடுத்து 2044 அக்டோபர் 1 அன்று அதே ஜோடி.