வாசகர் கேள்வி: எந்த சிப்செட் போதும்?

கேள்வி: கட்டடக்கலை முதலாண்டு படிக்கும் என் மகளுக்குப் புதிய டெஸ்க்டாப் வாங்க இருக்கிறோம். பிராசஸர் இன்டெல் ஐ5-14400 என்று முடிவாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டும் வாங்குகிறோம். ஹெச்610 மதர்போர்டே தாராளம் என்கிறார் கடைக்காரர். இசட்790-க்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள் என்கிறான் என் அண்ணன் மகன். விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்த இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள பி760 சிப்செட் கொண்ட போர்டை வாங்குங்கள். சிப்செட் என்பது மதர்போர்டில் இருந்துகொண்டு மற்ற பாகங்களைப் பிராசஸருடன் இணைக்கும் சிப்; ஹெச்610, பி760, இசட்790 என்பவை அதன் வகைகள்.

சிப்செட் உயர்ந்தால் கணினியின் வேகமும் உயரும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. அன்று நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ் என்று இரண்டு சிப்கள் இருந்தன; ரேமுக்குச் செல்லும் வழி நார்த்பிரிட்ஜ் ஊடாகவே அமைந்திருந்தது. ஏஎம்டி நிறுவனம் 2003-இல் அத்லான் 64 வரிசையிலும், இன்டெல் 2008-இல் நெஹேலம் வடிவமைப்பிலும் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுசென்றன. இன்று ரேமும் முதன்மை கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும் பிராசஸருடன் நேரடியாக இணைகின்றன. எத்தனை எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), எத்தனை யூஎஸ்பி, எத்தனை சாட்டா (ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கான) இணைப்புகள் கிடைக்கும், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாமா கூடாதா என்பவைதாம் இப்போது சிப்செட்டின் பொறுப்பு.

அந்த வகையில் இசட்790-இன் தனிச்சிறப்பு பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய இடம் தருவது. அதற்குப் பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்துள்ள பிராசஸர் வேண்டும். ஐ5-14400-இல் அது இல்லை. சிப்செட்டிலிருந்து பிரியும் பிசிஐஇ 4.0 பாதைகள் (எஸ்எஸ்டி, கார்டுகளுக்குத் தரவு செல்லும் தடங்கள்) இசட்790-இல் 20, பி760-இல் 10. நான்கைந்து எஸ்எஸ்டி பொருத்துபவருக்கு அந்தக் கூடுதல் பாதைகள் தேவைப்படும். ஒரு மாணவிக்குத் தேவைப்படாது. மிச்சமாகும் பணத்தில் ரேமை 16 ஜிபிக்குப் பதில் 32 ஜிபியாக வாங்கினால், பெரிய முப்பரிமாண வரைபடங்களைத் திறக்கும்போது அதன் பயனை உங்கள் மகள் நேரடியாகவே உணர்வார்.

ஹெச்610-ஐ நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. அதில் ரேம் ஸ்லாட்டுகள் இரண்டுதான். இரண்டு 8 ஜிபி ரேம்களைப் பொருத்திவிட்டால், நாளை கூட்ட வேண்டுமானால் இருப்பதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிராசஸரிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராகச் செல்லும் பிசிஐஇ 4.0 பாதையும் அதில் திறக்கப்படவில்லை. எனவே வேகமான எஸ்எஸ்டி வாங்கினாலும் பெரும்பாலான ஹெச்610 போர்டுகளில் அது பாதி வேகத்தில்தான் ஓடும். அலுவலகக் கணக்கு எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினியாக இருந்தால் நானே ஹெச்610-ஐப் பரிந்துரைத்திருப்பேன்.

பி760 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒரே சிப்செட்டில் எளிய போர்டும் உண்டு, உறுதியான போர்டும் உண்டு. ஐ5-14400-இன் அடிப்படை மின்தேவை 65 வாட்; முழு வேகத்தில் அது 148 வாட் வரை செல்லும். ஒரு கட்டடத்தின் தோற்றத்தை ரெண்டர் செய்யும்போது (வரைபடத்திலிருந்து நிஜம்போன்ற படத்தை உருவாக்கும்போது) பத்து கோர்களும் நீண்ட நேரம் ஓயாமல் உழைக்கின்றன. கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, பிராசஸர் சாக்கெட்டின் ஓரத்தில் வரிசையாக உள்ள சிறு கறுப்புச் சதுரங்களின்மேல் அலுமினியக் கட்டி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி அந்தச் சதுரங்கள்தாம்; அவற்றின்மேல் கட்டி இல்லாத போர்டுகளில், சூடு ஏறியதும் பிராசஸரின் வேகம் குறைக்கப்பட வாய்ப்பு அதிகம். அப்படியே ரேம் ஸ்லாட்டுகளையும் எண்ணிவிடுங்கள். பி760 போர்டுகளிலும் இரண்டே ஸ்லாட் உள்ளவை விற்பனையில் இருக்கின்றன.

கேள்வி: பழைய கணினியின் டிடிஆர்4 ரேமைப் புதியதில் போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: போர்டைப் பொறுத்தது. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். பி760-இல் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் தனித்தனிப் போர்டுகள் உண்டு. பி650 உள்ளிட்ட ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளும், 2024 அக்டோபரில் அறிமுகமான இன்டெல் இசட்890-உம் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். ரேமின் வெட்டுப்பள்ளம் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிப் பொருத்த முடியாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பி660 போர்டு விலை குறைவாகக் கிடைக்கிறது. ஐ5-14400 அதில் வேலை செய்யுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: செய்யும், பயாஸ் (போர்டு பிராசஸரை அடையாளம் கண்டு தொடங்க உதவும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருந்தால். பி660 வந்தது 2022 ஜனவரியில். இந்தப் பிராசஸர் வந்தது 2024 ஜனவரியில். நண்பர் ஒருவருக்காக இதே இணையை ஒரு மாலை முழுவதும் பொருத்திப் பார்த்தேன். விசிறிகள் சுற்றின, திரையில் எதுவும் வரவில்லை. ரேமை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். போர்டு நெடுநாள் கிடங்கில் இருந்தது என்பதும், அதில் பழைய பயாஸ் இருந்தது என்பதும் மறுநாள்தான் தெரிந்தன. சில போர்டுகளின் பின்புறம், பிராசஸர் இல்லாமலேயே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கும். அது இல்லாத போர்டென்றால், கடையிலேயே புதுப்பித்து, திரை வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.