கேள்வி–பதில்: அம்மா, மகள், ஒரு படப்புத்தகம்

அம்மா–மகள் பாசத்தை வைத்து நான்கு வயதுக் குழந்தைகளுக்காக எழுதினேன். ‘என் அம்மா தேவதை, அன்பின் ஊற்று’ என்று தொடங்கிப் பதினாறு வரிகள். ஓவியரோ “இதில் வரைய ஒன்றுமே இல்லையே” என்கிறார். என்ன குறை?
– வாசகி, தஞ்சாவூர்

ஓவியர் சொல்வது சரிதான். அன்பின் ஊற்றை எப்படி வரைவது? இருவரும் கட்டிப்பிடித்து நிற்பதை ஒரு பக்கத்தில் வரையலாம். எல்லாப் பக்கத்திலும் அதையே வரைந்தால் குழந்தை பாதியிலேயே எழுந்து போய்விடும். புகழ்ச்சியை மொத்தமாக எடுத்துவிட்டு, அம்மாவும் மகளும் சேர்ந்து செய்யும் ஒரே ஒரு வேலையைக் கதையாக்குங்கள்.

பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் தலை பின்னுவதை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடெடுத்து, இரட்டைப் பின்னல் போட வேண்டும். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மற்றதற்கு ரிப்பனைக் காணோம். வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. கதை நகர இது போதும்.

அடுத்தது, படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. சிக்கெடுக்கும் பக்கத்தில் ‘அவளுக்கு வலித்தது’ என்று எழுதாதீர்கள். “ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சு” என்று அம்மா சொல்வது மட்டும் எழுத்தில் இருக்கட்டும். படத்தில் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். அம்மா ரிப்பனின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருக்கிறாள். ‘பாசம்’ என்ற சொல்லே வராமல் பாசம் தெரியும்.

இந்த வயதுக்குத் தமிழில் முந்நூறு சொற்களுக்குள் முடிப்பது நல்லது. எதுகைக்காக வாக்கியத்தைப் புரட்டாதீர்கள். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். நீங்களே படித்தால் ராகம் மனதில் இருப்பதால் தடுமாற்றம் தெரியாது.

பக்கங்களை எப்படிப் பிரிப்பது? பெரும்பாலான படப்புத்தகங்களில் 32 பக்கம் என்கிறார்களே, ஏன்?
– வாசகர், ஈரோடு

பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சடித்து மடித்து வெட்டுவதால், பக்க எண்ணிக்கை 8, 16 என்ற மடங்கில் வந்தால்தான் தாள் வீணாகாது. 16, 24 பக்கப் புத்தகங்களும் உண்டு. 32 பக்கத்தில் முதல் பக்கம் தலைப்பு; 2, 3 பதிப்பு விவரமும் சமர்ப்பணமும். 4–5 முதல் 30–31 வரை பதினான்கு விரிபக்கங்கள் (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள்) கதைக்கு. 32ஆம் பக்கம் தனியாக மிஞ்சும்; குட்டி வேடிக்கை ஒன்றை அங்கே வைக்கலாம்.

எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் தயார். பென்சிலால் கிறுக்கலாகப் படமும் எழுத்தும் போட்டுப் புரட்டிப் பாருங்கள். ‘ரிப்பன் எங்கே?’ என்ற கேள்வி வலப்பக்கத்தின் கடைசியில் வர வேண்டும். பதில், பக்கத்தைப் புரட்டிய பிறகு வர வேண்டும். இரண்டும் ஒரே விரிபக்கத்தில் இருந்தால் குழந்தையின் கண் முதலிலேயே பதிலுக்குத் தாவிவிடும். நடு மடிப்பில் யாருடைய முகமும் கையும் விழக் கூடாது, மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள்.

மகளுக்காக நானே வரைகிறேன். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு அம்மா, வேறு வேறு மகள் போலத் தெரிகிறது.
– வாசகி, காரைக்குடி

முகத்தைவிட அளவுதான் பெரும்பாலும் காரணம். நான்கு வயதுக் குழந்தை சுமார் 100 செ.மீ., அம்மா 150 செ.மீ. என்று வைத்தால், நிற்கும்போது மகளின் உச்சந்தலை அம்மாவின் முழங்கைக்குச் சற்று மேலே வரும். குழந்தையின் மொத்த உயரம் அவள் தலையளவைப் போல ஐந்து மடங்கு; அம்மாவுக்கு ஏழு மடங்கு. குழந்தையையும் ஏழு மடங்காக வரைந்தால் சின்ன உருவத்தில் ஒரு பெரிய பெண் நிற்பாள்.

இருவரையும் ஒரே தாளில் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று வரைந்து எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். அம்மாவின் புடவை நிறத்தைக் கதை முடியும்வரை மாற்றாதீர்கள். பூப்போட்ட சேலை வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் அத்தனை பூவையும் நீங்கள்தான் வரைய வேண்டும்!

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பழைய போட்டோக்களை வைத்துப் புத்தகம் செய்ய ஆசை. படங்கள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
– வாசகி, கோவை

பிய்த்து எடுக்காதீர்கள், மேலே உள்ள படலம் உரிந்து முகமே போய்விடும். பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல இழுங்கள். அசையாவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிடலாம். 4×6 அங்குலப் படம் புத்தகத்தில் இரு மடங்கு பெரிதாக வர வேண்டுமென்றால் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் அது 300 ஆகும். மொபைலில் படத்தைப் படம் எடுத்தால் டியூப்லைட்டின் வெளிச்சம் ஒரு மூலையில் வெளுப்பாக விழும்.

அச்சகத்திலிருந்து வந்த பிடிஎஃப்-இல் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. நிறமும் அழுக்காக இருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், எழுத்துகளை வரியில் அடுக்கும் சாதாரண கம்போசர் ஓடுகிறது. பாராகிராஃப் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசருக்கு மாற்றச் சொல்லுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்ததை யூனிகோடாக மாற்றியிருந்தால் மேற்கோள் குறிகளைத் தனியாகச் சரிபாருங்கள். எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். மேலே விசிறியும் (கி, கீ) கீழே சுழியும் (கு, கூ) அடுத்தடுத்த வரிகளில் முட்டிக்கொள்ளாதபடி வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும்.

நிறத்துக்கு வருவோம். திரையில் பளீரென்று தெரியும் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்குவது இயல்பு. ஆனால் மாநிறத் தோல் சாம்பல் பூசியதுபோல வந்தால், அதில் நீலமும் கறுப்பும் கூடிவிட்டன என்று அர்த்தம். குறைக்கச் சொல்லி, முகம் பெரிதாக உள்ள பக்கம் ஒன்றை மட்டும் அதே தாளில் அடித்துப் பார்த்த பிறகே மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லுங்கள். ஓரம் வரை போகும் படங்களுக்கு வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல் தேவை. உள்ளே 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) மேட், அதாவது பளபளப்பில்லாத ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம், நடு மடிப்பில் சென்டர் பின் போதும். ஸ்பைரல் போட்டால் விரிபக்கப் படத்தின் நடுவில் ஓட்டை வரிசை விழும்.

எங்கள் வகுப்பில் பாட்டியிடம் வளரும் ஒரு குழந்தை இருக்கிறாள். இப்படிப்பட்ட புத்தகத்தை வாசிக்கலாமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

வாசிக்கலாம். “உங்க அம்மா என்ன செய்வாங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். “உனக்கு யார் தலை வாருவாங்க?” என்று கேட்டால் அவளும் கை தூக்குவாள்.

எழுதி முடித்ததை எங்கே அனுப்புவது?
– வாசகர், சேலம்

பதிப்பகத்துக்கு என்றால் எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஓவியரைப் பெரும்பாலும் அவர்களே தேடிக்கொள்வார்கள். இணையத்தில் இலவசமாக வெளியிட, குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழிலும் வெளியிடலாம். ஆனால் அங்கே வெளியிடும் கதையை, பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பதிப்பகத்துக்கு அனுப்ப நினைக்கும் கதையை அங்கே ஏற்றிவிடாதீர்கள்.