நஞ்சு (பிளசென்டா) கீழே இருந்தால் எந்த ஸ்கேன்?

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். இப்போது 20-வது வாரம். 'நஞ்சு முன்பக்கம், கீழே இருக்கிறது' என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ளது. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். நஞ்சின் ஓரத்துக்கும் கருப்பைவாயின் உள்துளைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். 20 மி.மீ.க்குக் குறைவென்றால் தாழ்ந்த நஞ்சு. துளையையே மூடியிருந்தால் பிரீவியா. அந்த எண் இல்லாமல் 'கீழே இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் பயம்தான் மிச்சம்.

வயிற்றின் மேல் பார்க்கும் ஸ்கேன் இதில் ஏமாற்றும். சிறுநீர்ப்பை முட்ட நிறைந்திருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதி அழுந்தி, இல்லாத பிரீவியா தெரியும். சிறுநீர் கழித்துவிட்டு, பிறப்புறுப்பு வழியே டி.வி.எஸ். ஸ்கேன் செய்தால் அளவு சரியாக வரும். ரத்தப்போக்கு வந்துவிடுமோ என்று பலர் மறுக்கிறார்கள். புரோப் (ஸ்கேன் கருவியின் முனை) கருப்பைவாய்க்குள் போவதில்லை. 2, 3 செ.மீ. முன்பே நிறுத்திவிடுவார்கள்.

கருப்பை வளர வளரப் பத்தில் ஒன்பது பேருக்கு நஞ்சு விலகிவிடும். மறு ஸ்கேன் 32-வது வாரத்தில் போதும். ஆனால், உங்களுக்குப் பழைய சிசேரியன் தையல் இருப்பதால் அதுவரை காத்திருக்கக் கூடாது. நஞ்சு தழும்புக்குள் ஊடுருவும் 'அக்ரீட்டா'வை, அனுபவமுள்ளவரிடம் இப்போதே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிசேரியனுக்குப் பின் பிரீவியாவும் இருந்தால் நூற்றில் சுமார் பத்துப் பேருக்கு இது வரலாம். இரண்டு சிசேரியன் என்றால் நாற்பது பேருக்கு.

இந்த டாப்ளர் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்கக் கூடாது, 200–300 மி.லி. இருந்தால்தான் அதன் சுவர்க்கோடு எங்காவது அறுந்திருக்கிறதா என்று தெரியும். நஞ்சுக்குள் ஒழுங்கற்ற ரத்தக் குழிகள், நஞ்சின் அடியில் கறுப்புக் கோடு மறைதல், 1 மி.மீ.க்கும் மெலிந்த கருப்பைத் தசை ஆகியவை எச்சரிக்கைகள். புரோபை அழுத்திப் பிடித்தாலே அந்தக் கறுப்புக் கோடு மறைந்துவிடும் என்பதால், அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை.

கேள்வி: அப்படியானால் எம்.ஆர்.ஐ. யாருக்கு? ஊசி மருந்து போடுவார்களா?
– வாசகி, கரூர்

பதில்: நஞ்சு பின்பக்கம் இருந்தாலோ, பக்கவாட்டில் பரவியதாகச் சந்தேகம் வந்தாலோ உதவும். ஏற்ற காலம் 28–32 வாரம். 35-ஐத் தாண்டினால் இயல்பான நஞ்சே திட்டுத்திட்டாகத் தெரிந்து குழப்பும். கதிர்வீச்சு கிடையாது; ஊசியில் போடும் கடோலினியம் மருந்து வேண்டியதில்லை. மல்லாந்து படுத்துத் தலைசுற்றினால் சொல்லுங்கள், இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். எம்.ஆர்.ஐ. 'நார்மல்' என்றாலும், டாப்ளர் சந்தேகம் சொன்னால் ரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்தை ஏற்பாடு செய்யுங்கள்.